தாத்தா தடுத்து நிறுத்திய வரி

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு இருந்தது. நைனா விசைப்படகில் கூலிக்குப் போனார். ஆயா, அதாவது பாட்டி, விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துக் கல்மண்டபம் பக்கம் கூடை வைத்து விற்றார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டுமரத்தில் கடலுக்குப் போன தாத்தா, முட்டி வலியால் கரையில் தங்கிவிட்டு, கிழிந்த வலைகளைச் சரிசெய்துகொடுத்துக் கொஞ்சம் சம்பாதித்துவந்தார். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்த நான் 2009-ல் பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்தேன். அந்தப் பாடத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள், ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் அறியாத இந்த வீட்டார்தான். என்னைப் போன்ற நிலையில் இன்று முதலாண்டு சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படலாம் என்று எண்ணியே இதை எழுதுகிறேன்.

முதலாண்டு முழுவதும் நான் மூலநூல்களைப் படிக்கவே இல்லை. வகுப்பில் எல்லோரிடமும் இருந்தது கைடுதான். ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு பக்கக் கதைச்சுருக்கம், முக்கியப் பாத்திரங்களின் குணநலன், மனப்பாடம் செய்ய வேண்டிய நான்கைந்து மேற்கோள்கள் அதில் இருக்கும். அவற்றை அப்படியே எழுதித் தேர்ச்சியும் பெற்றேன். ஆனால் மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த நாளில், நான் படித்ததாகச் சொல்லப்பட்ட ஒரு கவிதையிலிருந்தும் ஒரு வரியைக்கூட என் காதால் கேட்டதில்லை என்பது உறைத்தது. இந்தப் பகுதியிலிருந்து வரும் பெண்களுக்கு ஷேக்ஸ்பியர் எதற்கு, வேலைக்கு ஆகும் ஏதாவது படிக்கலாமே என்று வகுப்பறையிலேயே ஒருவர் சொல்லியிருந்தார். அதற்கு மறுமொழி சொல்லும் தெளிவு எனக்கு அப்போது இல்லை, ஏனென்றால் அந்த நூல்கள் எதற்கு என்று எனக்குமே தெரிந்திருக்கவில்லை.

2010 கோடையில் அது மாறியது. அப்போது கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் மே 29 வரை 45 நாள் தடைக்காலம். படகுகளெல்லாம் துறைமுகத்தில் கட்டிக்கிடக்க, நைனா வீட்டில் இருந்தார். மாலையில் மாடிப்படியில் காற்றுக்காக எல்லோரும் உட்காருவோம். அடுத்த ஆண்டின் அமெரிக்க இலக்கியத் தாளுக்கு உதவும் என்று ஒரு சீனியர் அக்கா கொடுத்திருந்த ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ நாவலை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு நான் தடுமாறிக்கொண்டிருந்ததைப் பார்த்த தாத்தா, அது என்ன கதை என்று கேட்டார். கடலுக்குப் போய் 84 நாள் ஒரு மீனும் கிடைக்காத ஒரு கிழவரின் கதை என்றேன். 45 நாள் தடைக்காலத்துக்கே நகை அடகுக்குப் போகும் வீட்டில் 84 என்ற எண்ணுக்கு இருந்த கனத்தை நான் அதுவரை உணரவில்லை. நைனா பீடியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

கைடில் இருந்த சுருக்கத்தைச் சொல்லி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன். முடியவில்லை. தூண்டில் எத்தனை போட்டார், எவ்வளவு ஆழத்தில் போட்டார், இரை என்ன, காற்று எந்தப் பக்கம் என்று தாத்தா கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு கேள்விக்கும் நான் புத்தகத்தைத் திறக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தில் விடை இருந்தது. நான்கு இரைகள், நாற்பது, எழுபத்தைந்து, நூறு, நூற்றிருபத்தைந்து ஃபேதம் ஆழத்தில் இறக்கப்பட்டிருந்தன. ஃபேதம் என்றால் ஆறடி என்று அகராதியைப் பார்த்துச் சொன்னேன். தாத்தா இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டி, “அது பாகம், பாப்பா” என்றார். நம் மீனவர்கள் கயிற்றையும் ஆழத்தையும் அளப்பது பாகத்தில்தான். ஃபேதம் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் பழைய பொருள் விரித்த கைகளின் அகலம்தான் என்பதைப் பின்னால் பெரிய அகராதி ஒன்றில் பார்த்தபோது, தாத்தாவின் விரிந்த கைகளே என் கண்முன் வந்தன. படகின் பாய் எப்படி இருந்தது என்று கேட்டார். மாவு மூட்டைச் சாக்கால் ஒட்டுப் போடப்பட்டிருந்தது என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. கைடில் இல்லாததால் நான் அதைப் பார்க்காமல் தாண்டியிருந்தேன்.

அப்புறம் நான் பெரிய தவறு ஒன்றைச் செய்தேன். கிழவர் பசியாற ஒரு டால்பினைப் பிடித்து அறுத்துப் பச்சையாகத் தின்றார் என்று சொன்னேன். தாத்தா கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். “இன்னா பாப்பா சொல்ற? ஓங்கிலை எவனாச்சும் துன்னுவானா?” என்றார். டால்பினைத்தான் எங்கள் பக்கம் ஓங்கில் என்பார்கள். வலையில் ஓங்கில் சிக்கினால் அறுத்து விட்டுவிடுவார்கள் என்றும், கடலைத் தெரிந்த ஒரு கிழவன் அதைக் கொன்று தின்றதாக எழுதியிருந்தால் எழுதியவனுக்குக் கடல் தெரியாது என்றும் கோபமாகவே சொன்னார். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று நான் வாதாடினேன். அன்றைக்குக் கதை அதோடு நின்றது.

இரவு அந்தப் பக்கங்களை மறுபடி படித்தேன். டால்பின் என்று ஹெமிங்வே சொல்லும் உயிரினத்தின் உடல் பொன்னிறமாக இருக்கிறது. பசியோடு இரை தேடி வரும்போது விலாவில் ஊதா நிறக் கோடுகள் தெரிகின்றன. ஓங்கிலுக்குப் பொன்னிறம் ஏது? மேலும் சில பக்கங்கள் முன்னால் போய்ப் பார்த்தால், இரவில் படகைச் சுற்றி இரண்டு உயிரினங்கள் வந்து மூச்சுவிடுகின்றன. ஆணின் மூச்சையும் பெண்ணின் மூச்சையும் கிழவர் ஒலியைக் கொண்டே பிரித்தறிகிறார், அவை நம் சகோதரர்கள் என்று சொல்லிக்கொள்கிறார். அவற்றுக்கு நாவலில் போர்பாய்ஸ் என்று பெயர். அவைதான் தாத்தாவின் ஓங்கில். கிழவர் தின்றது ஸ்பானிய மொழியில் டொராடோ என்றும் ஹவாய் மொழியில் மஹிமஹி என்றும் அழைக்கப்படும் ஒரு மீன். ஆங்கிலத்தில் அந்த மீனுக்கும் டால்பின் என்ற பெயர் உண்டு. ஆக, நாவலைப் படிக்காத தாத்தா நாவலின் பக்கம் நின்றார். படித்ததாக நினைத்த நான்தான் அந்தக் கிழவரைத் தன் சகோதரனைத் தின்றவராக்கி வைத்திருந்தேன்.

மறுநாள் இதைச் சொன்னபோது தாத்தா வெற்றி பெற்றவராகக் காட்டிக்கொள்ளவில்லை. எழுதியவர் கடலுக்குப் போனவர்தான் என்று மட்டும் சொன்னார். கதையின் கிழவர் சாந்தியாகோ கடலைப் பெண்ணாகவே அழைப்பார் என்றும், மோட்டார் படகு வைத்திருக்கும் இளைஞர்கள் அதை ஆணாகவும் எதிரியாகவும் பேசுவார்கள் என்றும் நான் படித்துச் சொன்னபோது, நைனா விசைப்படகுக்காரர் என்பதால் இருவருக்கும் இடையே நீண்ட பேச்சு நடந்தது. சுறாக்கள் மீனைத் தின்று தீர்த்த பக்கங்களை இரண்டு மாலைகளில் சொன்னேன். கடைசியில் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பதினெட்டடி எலும்புக்கூட்டைப் பார்த்துச் சுற்றுலா வந்தவர்கள் அது சுறா என்று நினைத்துக்கொண்டு போகும் இடம் வந்ததும் யாரும் பேசவில்லை. ஆயா கூடையை எடுத்து வைக்கப் போனார்.

அந்தக் கோடையில் கிடைத்த பழக்கத்தை நான் இன்றுவரை விடவில்லை. ஒரு நூலைப் படித்தால் அதை வீட்டில் ஒருவருக்கு, நம் வீட்டுத் தமிழில், முழுவதுமாகச் சொல்ல வேண்டும். வகுப்புத் தோழியிடம் சொன்னால் போதாது. அவளுக்கும் அதே கைடு தெரியும், ‘குறியீடு’, ‘கருப்பொருள்’ என்ற சொற்களை வைத்து இருவரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொள்ள முடியும். அந்தச் சொற்கள் எதுவும் செல்லாத ஒருவரிடம் சொல்லும்போது எது புரிந்தது, எது புரியவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். சொல்லும்போது எங்கே நா தடுமாறுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி போனால் போதும். முழு நூலையும் மூன்று முறை படிப்பதைவிட இதில் பயன் அதிகம் என்பது என் அனுபவம். கேட்பவர் மறுத்தால், உடனே அவருக்கு விளக்கம் சொல்லக் கிளம்பாமல், முதலில் நூலைத் திறந்து பாருங்கள்.

இரண்டாமாண்டு ஷேக்ஸ்பியர் வந்தபோது வேறொரு கதவு திறந்தது. அவருடைய ஆங்கிலத்தில் முன்னிலைக்கு இரண்டு சொற்கள் உண்டு: தவ், யூ. முதலாவது நம் ‘நீ’ போல நெருக்கத்துக்கும் வரும், கீழானவரை அழைக்கவும் வரும். இரண்டாவது ‘நீங்கள்’ போல மரியாதைக்கும் விலகலுக்கும் வரும். இன்றைய ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு போய்விட்டது. அதனால் ஆங்கிலமே தாய்மொழியானவர்கள் முயன்று கற்க வேண்டிய ஒன்று நமக்குப் பிறப்பிலேயே கிடைத்திருக்கிறது. ‘ஹாம்லெட்’ மூன்றாம் அங்கத்தின் நான்காம் காட்சியில் தாயும் மகனும் தனியறையில் பேசுகிறார்கள். உன் தந்தையை நீ மிகவும் புண்படுத்திவிட்டாய் என்று அரசி ‘தவ்’ போட்டுத் தொடங்குகிறாள். என் தந்தையை நீங்கள்தான் மிகவும் புண்படுத்திவிட்டீர்கள் என்று ஹாம்லெட் ‘யூ’ போட்டு அதே வாக்கியத்தைத் திருப்பித் தருகிறான். அடுத்த வரியில் அரசி தன் மகனைப் பார்த்து ‘யூ’ என்கிறாள். எங்கள் வீட்டில் எல்லோரும் எல்லோரையும் ‘நீ’ என்றுதான் பேசுவோம். நான் தாமதமாக வந்த நாளில் அம்மா “வாங்க மேடம், உக்காருங்க” என்றால் என்ன நடக்கப்போகிறது என்று அந்தத் தளத்துக்கே தெரியும். அந்த ஒரு சொல் மாற்றத்தில் ஒரு தாய் மகனைவிட்டு விலகி நிற்பதை நான் எந்த உரையின் துணையும் இல்லாமல் கேட்டேன். நாடகம் படிக்கும் மாணவர்கள் இந்த இரண்டு சொற்களையும் இரண்டு நிறப் பென்சிலால் அடிக்கோடிட்டுக்கொண்டே போங்கள். எங்கே நிறம் மாறுகிறதோ அங்கே உறவில் ஏதோ நடக்கிறதா என்று நின்று பார்க்க வேண்டும்.

நாடகத்தை வாய்விட்டுப் படிக்கவும் வேண்டும். பத்து அசை, ஒன்றுவிட்டு ஒன்று அழுத்தம் என்று யாப்பிலக்கணம் பலகையில் எழுதப்பட்டபோது எனக்கு ஏறவில்லை. எங்கள் தெருப் பையன்கள் கானா பாடும்போது பெஞ்சில் தட்டுவதைப் போலத் தட்டிப் படித்தபோதுதான் வரியின் நடையும், அது தடுமாறும் இடமும் கைக்குத் தெரிந்தன. இந்த நாடகங்கள் நம் ஊருக்குப் புதியவையும் இல்லை. 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்யன்’ என்றும் ‘மக்பெத்’தை ‘மகபதி’ என்றும் தமிழாக்கினார்.

என்னை மிகவும் வருத்திய நூல் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’. கொல்லுப் பட்டறையில் வளரும் பிப் என்ற அநாதைச் சிறுவன் ஒரு பணக்கார வீட்டுக்குச் சீட்டு விளையாட அழைத்துச்செல்லப்படுகிறான். அங்கே எஸ்டெல்லா என்ற சிறுமி, ‘நேவ்’ என்று சொல்ல வேண்டிய சீட்டை இவன் ‘ஜாக்’ என்கிறான் என்று ஏளனம் செய்கிறாள். அவன் கைகள் முரடு, காலணிகள் தடிமன் என்கிறாள். அதுவரை தன் கையைக் கவனித்திராத சிறுவன், அன்று முதல் தன் கையைப் பார்த்துக் கூசுகிறான். ‘இன்னா’ என்று நான் சொல்லிவிட்டதற்காக ஒரு வகுப்பே சிரித்த நாளை இந்தப் பக்கத்தில் மறுபடி சந்தித்தேன். அங்கேயே நின்றிருந்தால் அந்த நூல் எனக்கு ஆறுதலாக மட்டும் இருந்திருக்கும். இருபத்தேழாம் அத்தியாயத்தில், பணம் வந்து லண்டனில் கனவானாக வாழும் பிப்பைப் பார்க்க, அவனை வளர்த்த கொல்லன் ஜோ வருகிறார். பிப் அவருடைய வருகையால் கூசுகிறான். ஜோ தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடுகிறார், தான் வளர்த்த பிள்ளையை ‘சார்’ என்று அழைக்கிறார். முதலாண்டில் ஒரு நாள் நான் மறந்துவிட்டுப் போன தேர்வுச் சீட்டைக் கொடுக்க ஆயா மீன் கூடையோடு கல்லூரி வாசலுக்கு வந்தபோது, நான் வெளியே ஓடிப் போய், யாரும் பார்ப்பதற்குள் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். ஆயா என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. அந்த அத்தியாயத்தை ஆயாவிடம் சொல்லவே எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. ஒரு நூலில் நம்மை அடையாளம் காணும்போது பாதிக்கப்பட்டவராக மட்டும் காண்பது எளிது. அடுத்த பக்கத்தையும் படிக்க வேண்டும்.

இந்த நாவலின் நீளத்தைப் பார்த்து அஞ்சும் மாணவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். 59 அத்தியாயங்கள் கொண்ட இந்நாவல் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை ஒரு வார இதழில் 36 பகுதிகளாக வெளிவந்தது. அன்றைய வாசகர்கள் யாரும் அதை ஒரே மூச்சில் படிக்கவில்லை. நம் ஊரில் தொடர்கதை படித்ததைப் போலத்தான் படித்தார்கள். நாளுக்கு ஒரு பகுதி என்று வைத்தால் 36 நாளில் முடிந்துவிடும், பகுதி முடியும் இடத்தில் டிக்கன்ஸ் எதை நிறுத்திவைக்கிறார் என்பதும் விளங்கும். இன்னொரு செய்தி எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. டிக்கன்ஸ் இந்நாவலின் முடிவை அச்சுக்கு முன் மாற்றி எழுதினார். மாற்றச் சொன்னவர் அவருடைய நண்பரான எழுத்தாளர் லிட்டன். அந்த லிட்டனின் ‘ரகசிய வழி’ என்ற கதையைத் தழுவித்தான் சுந்தரம் பிள்ளை 1891-ல் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை வெளியிட்டார். பள்ளியில் தினமும் காலையில் நாம் பாடிய ‘நீராருங் கடலுடுத்த’ அந்த நாடகத்தின் பாயிரத்தில் உள்ளது.

நூல்கள் எங்கே கிடைக்கும் என்பதற்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. ராயபுரத்திலிருந்து கடற்கரை நிலையம் போய் ரயில் மாறினால் எழும்பூர். அங்கே 1896-ல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் இருக்கிறது. சொந்தமாக வாங்க, 1985 தீ விபத்துக்குப் பின் மூர் மார்க்கெட் கடைகள் குடியேறிய அல்லிக்குளம் வளாகத்தில் பழைய புத்தகங்களைத் தேடினேன். யாரோ முன்பு படித்துப் பென்சில் குறிப்பு எழுதிய பிரதி கிடைத்தால் விடாதீர்கள். முகம் தெரியாத ஒரு துணை கிடைத்ததற்குச் சமம் அது.

தமிழ் மொழிபெயர்ப்பை வைத்துப் படிப்பது குறைவு என்று நினைக்கும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. டால்ஸ்டாயையும் ஹ்யூகோவையும் ஆங்கிலத்தில் படிக்கிறவர்களும் மொழிபெயர்ப்பில்தானே படிக்கிறார்கள்? டி.எஸ். சொக்கலிங்கம் தந்த ‘போரும் வாழ்வும்’, சுத்தானந்த பாரதியார் தந்த ‘ஏழை படும் பாடு’ ஆகியவை இல்லாமல் எனக்கு உலக இலக்கியம் என்ற ஒன்றே தெரிந்திருக்காது. ஆங்கில நூல்களுக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: முதலில் ஓர் அத்தியாயத்தை மூலத்தில், அகராதி இல்லாமல், புரிந்தவரை படிப்பேன், அடுத்துத் தமிழில், பிறகு மீண்டும் மூலத்தில். அந்த மூன்றாவது வாசிப்பில் மொழிபெயர்ப்பாளர் எங்கே திணறினார் என்பது தெரியும்போது, அந்த ஆங்கில வாக்கியத்தின் அருமை புரியும். வரிசையும் முக்கியம். சிறிய நூலில் தொடங்குங்கள். எழுதப்பட்ட கால வரிசையில் படிக்க வேண்டும் என்ற பாடத்திட்டத்தின் ஒழுங்கு, தனியாகப் படிக்கும் மாணவருக்குக் கட்டாயம் இல்லை.

தேர்வைப் பற்றியும் ஒரு சொல். மூன்றாமாண்டில் கைடை விட்டுவிட்டு, ஒவ்வொரு விடையிலும் நூலிலிருந்து ஒரு சிறு இடத்தை எடுத்து, அந்த இடத்தில் சொற்கள் என்ன செய்கின்றன என்று மட்டும் எழுதினேன். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபியின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ பற்றிய கேள்விக்கு, காலனியம் பற்றிய பொதுவான பத்து வரிகளுக்குப் பதிலாக, அதன் கடைசிப் பத்தியை எடுத்துக்கொண்டேன். நாம் ஒரு நாவல் முழுக்க அறிந்துவந்த ஒக்கோன்க்வோவின் வாழ்வுக்கு, வெள்ளை அதிகாரி தான் எழுதப்போகும் நூலில் ஒரு பத்தி ஒதுக்கலாம் என்று எண்ணுகிறான். கைடின் சுருக்கத்தில் மட்டுமே மனிதர்களை அறிந்திருந்த எனக்கு அந்தப் பத்தியின் கொடுமை நன்றாகவே புரிந்தது. மதிப்பெண் குறையவில்லை.

தாத்தா இப்போது இல்லை. நான் ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். வீட்டில் இப்போது கதை கேட்பவர் அம்மா. சென்ற மாதம் அவருக்கு ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாளுக்கு ஒரு பகுதியாகச் சொல்லி முடித்தேன். தப்பி வந்த கைதி மேக்விச்தான் எஸ்டெல்லாவின் அப்பா. அவர் சாகும் தறுவாயில், உங்கள் மகள் உயிரோடு இருக்கிறாள் என்று பிப் அவரிடம் சொல்லும் இடத்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதை முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பி, “அந்தப் பொண்ணுக்கு அவ அப்பன் யாருன்னு யாராச்சும் சொன்னாங்களா?” என்று கேட்டார். பதினைந்து ஆண்டுகளாக அந்த நூலைப் படித்துவரும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. அன்றிரவு, அதை ரகசியமாகவே வைத்துவிடலாம் என்று வக்கீல் ஜாகர்ஸ் சொல்லும் அத்தியாயத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பென்சிலோடு படித்தேன். டிக்கன்ஸ் முதலில் எழுதிக் கைவிட்ட முடிவையும் படித்தேன். காலையில் இரண்டு முடிவுகளையும் அம்மாவுக்குச் சொன்னேன். இரண்டிலும் எஸ்டெல்லாவிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.